ஏழு கன்னிமாருக்கு எட்டு விளக்கு

கோரைப்பேட்டில் கன்னியம்மா வீட்டைக் கண்டுபிடிக்க யாரிடமும் வழி கேட்க வேண்டாம். புதுவாயலில் ஷேர் ஆட்டோ பிடித்து ஏரிக்கரையில் இறங்கி நடந்தால், கரை ஒரு இடத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வளையும். அந்த வளைவில் பதினாலு வீடு. அதில் எந்தச் சுவரில் சிவப்பு பெயிண்டால் முழ உயரத்துக்கு 7 என்று எழுதியிருக்கிறதோ, அதுதான். புதிதாக வருகிறவர்கள் ஏதோ எலெக்‌ஷன் சமாச்சாரம் என்று நினைப்பார்கள். அது வீட்டை இடிப்பதற்காகப் போட்ட நம்பர். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போதுகூட அந்த ஏழை மட்டும் சுற்றி விட்டுவிட்டு அடிக்கிறார் கன்னியம்மா. ஏன் என்று சொல்கிறேன்.

கன்னியம்மா இருளர். வயது நாற்பத்தெட்டு என்று ஆதார் சொல்கிறது. ஆதார் எடுக்க வந்த பையன் முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டது அது. பிறந்தது இதே வளைவில். ஐந்து வயதில் அப்பா அம்மாவோடு ஒரு ரைஸ் மில்லுக்குப் போனார். போனவர்களை மில்காரன் ஏழு வருஷம் கேட்டைத் தாண்ட விடவில்லை. களத்தில் காயும் நெல்லைக் காலால் துழாவித் துழாவியே வளர்ந்தார். ஒருநாள் ஜீப்பில் அதிகாரிகள் வந்து கேட்டைத் திறந்துவிட்டார்கள். "எங்கம்மா போவணும்?" என்று கேட்டதற்கு, அவருடைய அம்மா ஊர் பேரைச் சொல்லவில்லை. "ஏரி வளைவு" என்றார். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. ஜீப் டிரைவருக்கு எப்படியோ புரிந்தது. அவனுக்கும் பக்கத்து ஊராக இருக்கும்.

அதற்குப் பிறகு கல்யாணம், ரெண்டு பெண் பிள்ளைகள், அவர்களையும் கட்டிக்கொடுத்தாயிற்று. புருஷன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தார். இப்போது பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் தோட்ட வேலை. புல் வெட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது. எழுதிக் கொடுக்காத இன்னொரு வேலையும் உண்டு. ஒருமுறை ஆபீஸ் ரூமில் சாரைப்பாம்பு புகுந்துவிட்டது. மேனேஜர் மேஜை மேல் ஏறிக்கொண்டார். செக்யூரிட்டி அதைவிட ஒரு படி மேலே போய் பீரோ மேல் உட்கார்ந்திருந்தார். கன்னியம்மா வந்தார், வாலைப் பிடித்தார், கோணிக்குள் விட்டார்.

"எறங்கலாம் சார். செக்யூரிட்டி அண்ணே, நீ மட்டும் பாத்து எறங்கு. பீரோ ஆடுது" என்றார்.

அதிகம் பேச மாட்டார். பேசினால் இப்படித்தான் இருக்கும்.

இனி ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏரி நிரம்பிய வருஷங்களில், தை முதல் வெள்ளி அன்று நவரைப் பயிருக்கு மதகு திறப்பார்கள். மதகின் இரும்புத் திருகை யார் வேண்டுமானாலும் திருகலாம். ஆனால் அதற்கு முன்னால், வளைவில் உள்ள நாவல் மரத்தடியில், மஞ்சள் பூசிய ஏழு செங்கல்லாக உட்கார்ந்திருக்கும் கன்னிமாருக்கு இருளர் வீட்டுப் பெண் ஒருத்தி விளக்கேற்ற வேண்டும். ஏற்றிவிட்டு ஏரியில் முழங்கால் அளவு இறங்கி, தண்ணீரைக் கையில் அள்ளி மதகின் மேல் தெளிக்க வேண்டும். புடவை, எண்ணெய், அகல் விளக்கு எல்லாம் பெரிய வீட்டிலிருந்து வரும். பெரிய வீடு என்றால் முனுசாமி ஐயா வீடு. அவருக்கு வயது எழுபத்தெட்டு. ஊரில் பாதி நிலம் ஒரு காலத்தில் அவர்களுடையது.

இதில் ரெண்டு வேடிக்கை. பெரிய வீட்டிலிருந்து எப்போதும் எட்டு அகல் வரும். கன்னியம்மா எட்டையும் ஏற்றுவார். ஏழு அகலைக் கன்னிமாருக்கு முன்னால் வைப்பார். எட்டாவதைத் தூக்கிக்கொண்டு மரத்துக்குப் பின்பக்கம் போய் வைத்துவிட்டு வருவார். "கன்னிமாரு ஏழு, கன்னிம்மா கணக்குக்கு எட்டு" என்று இளவட்டங்கள் சிரிக்கும். படிக்காத பொம்பளை, எண்ணத் தெரியவில்லை என்று நினைப்பு. அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

இரண்டாவது வேடிக்கை முனுசாமி ஐயா. கரையில் நடந்து வருகிறவர், வளைவு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். கேட்டால் "செருப்பு கடிக்குதுபா" என்பார். நாற்பது வருஷமாக ஒரே இடத்தில் வந்து கடிக்கிற செருப்பு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசியில் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனது. அந்தச் சமயம் பார்த்து ஒரு கம்பெனி ஏரியைச் சீரமைத்துத் தருகிறோம் என்று வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் சேகருக்கு ஒரே குஷி. இன்ஜினியர் ஒருத்தர் வந்து கரை நெடுக நடந்தார், படம் போட்டார். படத்தில் கரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. மேலே தார் ரோடு. லாரிகள் சுற்றாமல் போகலாம்.

"இந்த வளைவு தேவையே இல்லை. அந்தக் காலத்து ஆளுங்களுக்கு லெவல் பாக்கத் தெரியல" என்றார் இன்ஜினியர்.

வளைவை நேராக்கினால் பதினாலு வீடும் ரோட்டுக்கு அடியில் போகும். பட்டா இல்லாத வீடுகள். படத்தில் அந்த இடத்தில் 'ஆக்கிரமிப்பு' என்று எழுதியிருந்தது. மறுநாள் ஒரு ஆள் சிவப்பு பெயிண்ட் டப்பாவோடு வந்து ஒன்றிலிருந்து பதினாலு வரைக்கும் எழுதிவிட்டுப் போனான். கன்னியம்மா அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தார். "நம்பர் போட்டா இன்னா பண்ணுவாங்கப்பா?" என்று கேட்டார். அவன் டீயைக் குடித்து முடித்த பிறகுதான் சொன்னான். சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனானாம். நல்ல பையன்தான்.

கன்னியம்மா மறுநாள் வேலைக்கு லீவு போட்டுத் தாலுகா ஆபீஸுக்குப் போனார். அங்கே இருந்த கிளார்க் கேட்டார்:

"எப்பத்துலேர்ந்து இருக்கீங்க?"

"ஏரிக்கு முன்னாலேர்ந்து."

"வருஷம் சொல்லும்மா."

"ஏரிய எந்த வருசம் வெட்டுனாங்களோ, அதுக்கு முந்தின வருசம் போட்டுக்க சார்."

கிளார்க் பேனாவை மூடினார். ஆனால் விரட்டவில்லை. "உங்ககிட்ட பேப்பர் இல்ல. ஊர்தான் சொல்லணும். இருபத்தாறாம் தேதி கிராம சபையில, இவங்க ஏரிக்கு முன்னாடியே இங்க குடியிருக்காங்கன்னு தீர்மானம் போட்டு வாங்கினு வா. கரைக் கோட்டை மாத்தச் சொல்லி மேல அனுப்பலாம். ஊர் சொல்லலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அன்றிலிருந்து கன்னியம்மாவுக்கு ஒரே வேலை. ஜனவரி இருபத்தாறுக்குள் ஊர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வர வேண்டும்.

வந்ததோ வேறு. போகிப் பண்டிகை அன்று டெம்போவில் ஒரு கருங்கல் பலகை வந்து இறங்கியது. ஏரி வரலாற்றுக் கல்வெட்டு. குடியரசு தினத்தில் கொடியேற்றியதும் திறப்பு விழா. வாசகத்தை முனுசாமி ஐயா சொல்லச் சொல்ல ஏஞ்சலின் டீச்சர் எழுதிக் கொடுத்தது. ஏஞ்சலின் நம்ம காலனிப் பெண்தான், முப்பது வருஷம் இரும்பு ரோலிங் மில்லில் உழைத்து ரிட்டயர் ஆன ஆசீர்வாதத்தின் மகள். காணாமல் போன ஆட்டுக்கு நோட்டீஸ் எழுதினாலும் நாடக வசனம் மாதிரி எழுதுவார். பீடம் கட்ட மணல் சுமந்துகொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டு, பெருமையாகப் படித்துக் காட்டினார்:

"முன்னொரு காலத்தில் ஆள் நடமாட்டமே இல்லாத அடர்ந்த காடாக இருந்த இவ்விடத்திற்கு, பெரியவர் வெங்கடசாமி அவர்கள் இரண்டு எருதுகளோடு வந்து, காடு திருத்தி, ஏரி கண்டு, ஊர் கண்டார்."

எல்லோரும் நன்றாயிருக்கிறது என்றார்கள். கம்பெனிக்குப் பொங்கல் லீவு என்பதால் மணல் சுமக்க வந்திருந்த கன்னியம்மா கூடையை இறக்கி வைத்தார்.

"டீச்சரம்மா, இன்னொரு வாட்டி படி."

படித்தார்.

"ஆளே இல்லன்னா இக்குது?"

"அது ஒரு இதுக்கு எழுதறதும்மா. காடுன்னா அப்படித்தான் எழுதுவாங்க. புக்ல எல்லாம் அப்படித்தான் இருக்கும்."

"எருது இக்குதா அதுல?"

"இக்குது. ரெண்டு."

"மாட்ட எழுதிட்டீங்க. எங்கள வுட்டுட்டீங்க."

ஏஞ்சலினுக்கு முகம் மாறிவிட்டது. கன்னியம்மா கூடையைக் கவிழ்த்து மணலைக் கொட்டிவிட்டு, அன்றைய வேலையை அத்தோடு முடித்துக்கொண்டு போய்விட்டார்.

தை முதல் வெள்ளி வந்தது. தாம்பாளத்தில் புடவை, எண்ணெய், எட்டு அகல். தூக்கிக்கொண்டு தலைவர் சேகரே வந்தார். பின்னால் முப்பது நாற்பது பேர். நாற்றங்கால் விட்டுத் தண்ணீருக்குக் காத்திருந்தவர்கள். கன்னியம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"கன்னிம்மா, நேரமாவுது. வா."

"யாரு தலைவரே?"

"நீதாம்மா. வெளக்கேத்தணும்ல?"

"அங்க கல்லுல இன்னா எழுதிக்கீது? ஆளே இல்லன்னு. இல்லாத ஆளு எப்படி வெளக்கேத்தும்?"

கூட்டத்தில் ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சேகருக்கு வேர்த்தது. "அது சும்மா கல்லுமா. அதுக்கும் இதுக்கும் இன்னா?"

"சும்மா கல்லுன்னா சும்மா இருக்கட்டும். நானும் சும்மா இருக்கறேன். தாம்பாளத்த எடுத்துகினு போ."

வாசலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கீரைத் தண்டை எல்லாம் முருங்கைக்குச்சி ஒடிப்பது மாதிரி ஒடித்துப் போட்டார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

சேகருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காலையில் திருகு சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு மதகுக்குக் கிளம்பினார். வாசலில் அவர் மனைவி புவனேஸ்வரி குறுக்கே நின்றார். இந்த ஊரில் சேகர் தலைவர், சேகருக்கு யார் தலைவர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"எங்க போற?"

"மதகத் தொறக்க."

"அந்தம்மா தண்ணி தெளிக்காம அத்தத் தொட்டுட்டு இந்த ஊட்டுக்குள்ள வராத. நாஷ்டா, சாப்பாடு எல்லாம் மதகுலயே பாத்துக்க."

"மூடநம்பிக்கைடீ."

"சரி. அப்படியே இருக்கட்டும். போ."

போகவில்லை. முன்பு ஒரு தடவை வெளியூர் காண்ட்ராக்டர் ஒருத்தன் விளக்கேற்றாமல் மதகைத் திறந்து, அதே வாரம் டிவிஎஸ் ஃபிஃப்டியோடு வாய்க்காலுக்குள் போனான். அவன் விழுந்தது குடித்ததால் என்று அப்போது எல்லோருக்கும் தெரியும். இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. சேகர் சாவியை வராந்தாவில் சாய்த்து வைத்துவிட்டு இட்லி சாப்பிட்டார்.

நாற்றங்கால் வெடிக்க ஆரம்பித்தது. போர்வெல் வைத்திருந்தவர்கள் சமாளித்தார்கள், மற்றவர்கள் பெரிய வீட்டு வாசலில் போய் நின்றார்கள். முனுசாமி ஐயா அசையவில்லை. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். எது கேட்க வேண்டும் எது கேட்கக் கூடாது என்பதை அந்தக் காதே பார்த்துக்கொள்ளும்.

"எங்க தாத்தா பேர்ல இருக்கற கல்லு. ஒரு எழுத்தும் மாத்தக் கூடாது. அவ இன்னா, ஊர மெரட்டறாளா?"

வளைவிலும் நிம்மதி இல்லை. கன்னியம்மாவின் தங்கை அங்காளம்மாள், பத்தாம் நம்பர் வீடு, வந்து புலம்பினார்.

"வாணாம்க்கா. நாளைக்கு நாம நடவுக்குப் போறது இவங்க கழனிக்குத்தான். பேஜாராயிடும்."

"ஊடே இல்லன்னா எங்கேர்ந்து நடவுக்குப் போவ?"

"சரி, அப்ப ஒண்ணு பண்ணு. எட்டாவது வெளக்கு கதய சபையில ஒடச்சிரு. பெரியவரு வாயத் தொறக்க மாட்டாரு."

கன்னியம்மா தங்கையை ஒரு பார்வை பார்த்தார். "அது அவங்க ஊட்டு துக்கம். அவங்களா கேக்காம நாம சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிக்கீது. ஊடு போனாலும் அத்த நான் செய்ய மாட்டேன்."

"அப்ப இன்னாதான் செய்யப் போற?"

"கேப்பேன்."

"இன்னா கேப்ப?"

"கேக்க வேண்டியத."

ஜனவரி இருபத்தாறு. ஏரிக்கரையை ஒட்டிய பள்ளிக்கூட மைதானத்தில் கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, அங்கேயே கிராம சபை. வழக்கமாக முப்பது பேர் வந்து, ஐம்பது கையெழுத்து இருக்கும். அன்றைக்கு நிஜமாகவே முந்நூறு பேர். கருங்கல் பலகை பச்சைத் துணி போர்த்திக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி நின்றது. இன்ஜினியரும் வந்திருந்தார், கையில் சுருட்டிய படத்தோடு.

ஏஞ்சலின் டீச்சர்தான் மைக்கைப் பிடித்தார். "இன்னைக்குக் குடியரசு நாள். நம்ம நாட்டு வரலாற்றைப் பிள்ளைங்களுக்கு நான்தான் நடத்தறேன். நம்ம ஊர் வரலாற்றை ஒருத்தர்கிட்ட மட்டும் கேட்டு எழுதிட்டேன். தப்புதான். துணியை எடுக்கறதுக்கு முன்னாடி மத்தவங்களும் சொல்லட்டும். ஒவ்வொருத்தரா சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்" என்று நீள நோட்டு ஒன்றை எடுத்து வைத்தார்.

முனுசாமி ஐயாவுக்கு முதல் மரியாதை. எழுந்து நின்றார்.

"எங்க தாத்தா வெங்கடசாமி, வெள்ளைக்காரன் காலத்துல, ஆந்திரப் பக்கத்துலேர்ந்து பஞ்சத்துல கெளம்பி ரெண்டு எருதோட இங்க வந்தாரு. ஒத்த ஆளா நின்னு ஏரி தோண்டினாரு."

"ஒத்த ஆளாவா?" என்று ஒரு குரல். ஆசீர்வாதம். ரோலிங் மில் சத்தத்தில் முப்பது வருஷம் பேசிப் பழகிய தொண்டை, மைக் வேண்டாம். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. இந்த ஏரி முந்நூறு ஏக்கரா. ஒத்த ஆளு தோண்டியிருந்தா இன்னமும் தோண்டிக்கினு இருப்பாரு. மம்பட்டி புடிச்சது எங்க தாத்தா. மண்ணுக்கூடை தூக்குனது எங்க பாட்டி. உங்க தாத்தா வரப்புல நின்னுகினு கொடை புடிச்சாரு."

ஒரே சிரிப்பு. ஐயாவுக்கே மீசைக்கடியில் கொஞ்சம் வந்தது. "எடம் பாத்தது எங்க தாத்தாதாண்டா. தண்ணி நிக்கற எடம்னு கண்டுபுடிச்சது யாரு?"

கன்னியம்மா எழுந்தார்.

"அத்த நான் சொல்றேன் ஐயா. எங்க பாட்டன் சொன்னான். தண்ணி நிக்கற எடத்துல எலி வளை தோண்டாது. வளை எங்க முடியுதோ அதான் தண்ணி மட்டம். எங்க பாட்டன் வளைய எண்ணிகினே முன்னால நடந்தான். உங்க தாத்தா பின்னாலயே முளைக்குச்சி அடிச்சிகினு வந்தாரு. அந்தக் குச்சி மேலதான் இவங்க தாத்தா மண்ணு கொட்டுனாங்க."

இன்ஜினியர் படத்தைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார்.

"இதுக்கு சாட்சி?" என்றார் முனுசாமி ஐயா. "யார் வேணும்னாலும் எங்க பாட்டன் சொன்னான்னு சொல்லலாம்."

"சாட்சி இல்ல ஐயா. உங்கள ரெண்டு கேள்வி கேக்கறேன். பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, நான் போய்ட்டே இருக்கறேன். நம்பர் போட்ட ஊட்ட இடிச்சுக்கட்டும்."

அங்காளம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கேளு."

"வளைவு வந்தா செருப்பக் கழட்றீங்களே. நெஜமாவே கடிக்குதா?"

யாரும் சிரிக்கவில்லை. ஐயா தன் காலைப் பார்த்தார். காது கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம், ஊர் நம்பும். கொடிக் கயிறு கம்பத்தில் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"இல்ல" என்றார். "எங்க அம்மா சொல்லுச்சு. அந்த எடத்துல செருப்புக் காலோட நடக்காதன்னு. அம்மாவுக்கு அவங்க மாமியா சொன்னதாம்."

"வெளக்கு ஏன் எட்டு அனுப்பறீங்க? கன்னிமாரு ஏழுதானே?"

"அதுவும் அம்மா சொன்னதுதான். எட்டு வாங்கு, எண்ணிப் பாத்து வாங்குன்னு. ஏன்னு கேட்டதுக்கு அழுதுச்சு. அப்பறம் நான் கேக்கல." நிறுத்தினார். பிறகு, இவ்வளவு வருஷத்தில் முதல் தடவையாக, அந்த மனுஷன் கன்னியம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டார். "எட்டாவது வெளக்க மரத்துக்குப் பின்னால வெக்கறியே. யாருக்கு அது?"

"நீங்களா கேக்கறீங்களா ஐயா?"

"நானாத்தான் கேக்கறேன். சொல்லு."

கன்னியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். சத்தம் போடவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போலத்தான் சொன்னார்.

"உங்க தாத்தா வந்த மொத வருசம், ஜுரத்துல ஒரு பொண்ணு கொழந்த போய்டுச்சு. கைக்கொழந்த. அவங்களுக்கு இங்க ஊடும் இல்ல, சுடுகாடும் இல்ல. உங்க பாட்டி கொழந்தய மடியில வெச்சிகினு ஒரு பகல் முச்சூடும் மண்ணுலயே உக்காந்துச்சாம். எங்காளுங்க போய்க் கூப்ட்டாங்க. எங்க பொதைக்கிற மேட்டுல, நாவ மரத்துக்குப் பின்னால எடம் குடுத்தாங்க. மறு வருசம் கரை போட்டப்ப கோடு நேரா அந்த மேட்டு மேலதான் வந்துது. உங்க தாத்தா முளைய புடுங்கிட்டாரு. கொழந்த மேல மண்ணு கொட்ட மாட்டேன்னு சுத்திகினு போனாரு. அதான் வளைவு. எட்டாவது வெளக்கு அந்தக் கொழந்தைக்கு. பேரு எங்களுக்குத் தெரியாது. பெரியூட்டு பாப்பான்னுதான் சொல்லுவோம்."

முனுசாமி ஐயா உட்கார நாற்காலியைத் தேடினார். சேகர் ஓடிப் பிடித்தார்.

"ராஜம்மா" என்றார் ஐயா. "எங்க அத்த. ஊட்ல ஒரு பேர் சொல்லுவாங்க, ராஜம்மா பொறந்து தங்கலன்னு. எங்க கெடக்குதுன்னு எங்களுக்கு யாருக்கும் தெரியாது."

ஆசீர்வாதம் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மேல பேசுங்கப்பா" என்றார்.

கன்னியம்மா பேசினார். துக்கத்தோடு நிறுத்திவிடுகிற ஆள் இல்லை அவர். வந்த வேலை பாக்கி இருந்தது.

"இப்ப நீங்களே சொல்லுங்க ஐயா. பொதைக்கிற மேடு இருந்துதுன்னா, அங்க செத்தவங்க இருந்தாங்க. செத்தவங்க இருந்தாங்கன்னா, அதுக்கு முன்னால பொழச்சவங்க இருந்தாங்க. ஆளு இருந்துதா இல்லியா?"

முனுசாமி ஐயா எழுந்து நின்றார். இந்த முறை யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

"டீச்சர், எழுதிக்க. எங்க தாத்தா வந்தப்ப இங்க ஆளு இருந்துது. அவங்க குடுத்த எடத்துலதான் எங்க ஊட்டுப் புள்ள கெடக்குது. கரைய நேராக்கக் கூடாது. தீர்மானம் போடு. மொத கையெழுத்து என்னுது."

சேகர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் படத்தைச் சுருட்டினார். "நேரா இருந்தா நல்லா இருக்கும்னுதான் சொன்னேன். வளைவா இருந்தாலும் ரோடு போகும். லாரி கொஞ்சம் மெதுவா போவும், அவ்ளோதான்" என்றார். இதை ரெண்டு மாசத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம், யாரும் கேட்கவில்லை.

தீர்மானத்தை ஏஞ்சலின் அங்கேயே எழுதினார். கன்னியம்மா விடவில்லை. மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். வளைவில் இருக்கும் பதினாலு குடும்பங்களும் ஏரிக்கு முன்பிருந்தே அங்கே குடியிருப்பவர்கள் என்று இருந்தது. அலங்காரம் ஒன்றும் இல்லை. ஏஞ்சலின் எழுதியதிலேயே சப்பையானதும் சரியானதும் அதுதான். முனுசாமி ஐயாவுக்குக் கீழே ஆசீர்வாதம் போட்டார். அதற்குக் கீழே கன்னியம்மா, அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்ட எழுத்தில், பேனாவை அழுத்திப் பிடித்து, அடுத்த பக்கம் வரைக்கும் தடம் விழுகிற மாதிரி போட்டார்.

கல்வெட்டுதான் பாக்கி. கருங்கல்லில் வெட்டிய எழுத்தை அழிக்க முடியாது என்றான் புதுவாயல் கல் கடைக்காரன். "பின்பக்கம் காலியாத்தானே கீது?" என்றார் கன்னியம்மா. பின்பக்கத்தில் மூன்று பேர் சொன்னதையும் வெட்டினார்கள். எலி வளையைப் பார்த்து இடம் சொன்னவர்கள், மண் சுமந்தவர்கள், முளை அடித்தவர், வளைவு ஏன் வந்தது, ராஜம்மா பேர், எல்லாம். பின்பக்கம் ரோட்டைப் பார்க்கும்படி கல்லைத் திருப்பி நட்டார்கள். வெங்கடசாமி தனியாக ஊர் கண்ட கதை இப்போது ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கொக்குகள் படிக்கலாம்.

மதகு கிராம சபை நடந்த அன்றைக்கு மத்தியானமே திறந்தது. அடுத்த வெள்ளி வரைக்கும் பொறுக்கலாம் என்று சேகர் சொன்னதற்கு, "நாத்து பொறுக்குமா?" என்று கேட்டுவிட்டுக் கன்னியம்மா முன்னால் நடந்தார். தாம்பாளத்தை முனுசாமி ஐயா தூக்கி வந்தார். ஏழு விளக்கைக் கன்னியம்மா ஏற்றி வைத்தார். எட்டாவதை எடுத்து நீட்டினார். ஐயா அதை வாங்கிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனார். நல்ல நேரம் எடுத்துக்கொண்டுதான் திரும்பி வந்தார். அதுவரைக்கும் முந்நூறு பேரும் வெயிலில் காத்திருந்தார்கள். கன்னியம்மா ஏரியில் முழங்கால் அளவு இறங்கித் தண்ணீரை அள்ளி மதகின் மேல் தெளித்தார். புவனேஸ்வரி சேகர் கையைக் கிள்ளி, "இப்போ போய்த் திருகு" என்றார்.

தீர்மான நகலை எடுத்துக்கொண்டு கன்னியம்மா அடுத்த வேலை நாளிலேயே தாலுகா ஆபீஸில் நின்றார். கிளார்க் படித்துப் பார்த்துவிட்டு, மேலே அனுப்பினார். மேலே போனது கீழே வர நாளாகும் என்று எல்லோருக்கும் தெரியும். கன்னியம்மா திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்குப் போக ஆரம்பித்தார். மேனேஜர் லீவு கொடுக்க முதலில் யோசித்தார், பிறகு பீரோ ஞாபகம் வந்திருக்கும், கொடுத்தார்.

நடுவில் அந்தப் பெயிண்ட் பையன் வந்தான். கோடு மாறிவிட்டது, நம்பரை அழிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றான். பதினாலு வீட்டு ஆட்களும் வெளியே வந்து கன்னியம்மா முகத்தைப் பார்த்தார்கள்.

"அழிக்காத. இத்தினி வருசத்துல கெவர்மெண்டு எங்க செவுத்துல எழுதுனது இது ஒண்ணுதான். கதவு நம்பரா இருந்துட்டுப் போவட்டும். நாளைக்கு லெட்டர் வந்தா போஸ்ட்மேனுக்கு வேணும்ல?" என்றார். அவனுக்கு டீயும் போட்டுக் கொடுத்தார்.

தீர்மானம் போட்டுப் பதினோரு மாசம் கழித்து லெட்டர் வந்தது. பழுப்புக் கவர். பட்டா விசாரணைக்கு வரச் சொல்லி. மேலே தெளிவாக, 'கன்னியம்மா, கதவு எண் 7, ஏரி வளைவு, கோரைப்பேடு' என்று இருந்தது. போஸ்ட்மேன் சுவரைப் பார்த்தார், கவரைப் பார்த்தார், கொடுத்துவிட்டுப் போனார். பின்னாலேயே அங்காளம்மாள் ஓடி வந்தார், கையில் பத்தாம் நம்பர் கவர். பதினாலுக்கும் வந்திருந்தது.

"அக்கா, விசாரணையில எப்பத்துலேர்ந்து இருக்கீங்கன்னு மறுபடியும் கேப்பாங்களேக்கா?"

கன்னியம்மா கவரை மடித்துப் புடவையில் செருகிக்கொண்டார்.

"கேக்கட்டும். மறுபடியும் சொல்லுவோம்."